‘கொல்ல மாட்டோம்’ என்று சொல்லி 640 பவுண்டைக் கொண்டுபோன அணில் பிடிப்பவர்

லண்டனில், குறிப்பாக ஹாரோ பக்கம், வீடு வைத்திருக்கும் தமிழர்கள் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். கூரைப் பரணில் புகுந்த சாம்பல் அணிலை அகற்ற 640 பவுண்டு கொடுத்து ஏமாந்த நான், இன்று காலையும் அந்த நாற்றத்தோடுதான் கண்விழித்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் தலைக்கு மேலே ஓடும் ஓசை கேட்கத் தொடங்கியது. எலியென்றால் பெரும்பாலும் இரவில் ஓடும். பொழுது விடிந்தபின் ஓடியதால் அணிலாகத்தான் இருக்குமென்று ஏறிப் பார்த்தேன். வெப்பக்காப்புப் பஞ்சு குதறிக் கிடந்தது, மின்கம்பியின் உறையிலும் பல் பதிந்திருந்தது. தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில், வீட்டு வேலைகளுக்கு ஆள் தேடித் தரும் ஓர் இணையதளத்தில் நட்சத்திரங்கள் அள்ளியிருந்த ஒருவரை அழைத்தேன்.

வந்தவர் சொல்லாமலேயே வாசலில் காலணியைக் கழற்றினார். சுவாமி படத்தை ஒருமுறை பார்த்தார். “கவலைப்படாதீர்கள், கொல்ல மாட்டோம், கூண்டில் பிடித்து எப்பிங் காட்டில் விட்டுவிடுவோம்” என்றார். இராமர் தடவிக் கொடுத்த மூன்று கோடுகளின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, முதுகில் கோடே இல்லாத இந்தச் சீமை அணிலைக்கூடக் கொல்லச் சொல்ல வாய் வரவில்லை. அதை அவர் என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும். பத்தாண்டு உத்தரவாதம் என்றார். நானும் அவர் எதிரிலேயே 640 பவுண்டையும் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன்.

வட அமெரிக்காவிலிருந்து வந்து, 1876இல் செஷயரில் அவிழ்த்து விடப்பட்ட இந்த அணில் இங்கே அயல் ஆக்கிரமிப்பு இனமென்பதும், பிடித்த சாம்பல் அணிலை எந்தக் காட்டிலும் மறுபடி விடுவது சட்டப்படி குற்றமென்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆக, அவர் என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லையேல் என் காசில் குற்றம் செய்திருக்க வேண்டும்.

நாள்தோறும் பார்க்க வேண்டிய கூண்டை இரண்டு நாள் எட்டிப் பார்க்காமல் விட்டு, மூன்றாம் நாள் ஓர் அணிலை எடுத்துக்கொண்டு, இறவாணத்து ஓட்டையை நுரைப் பசையால் அடைத்து, அணிலை விரட்டும் என்று ஒரு மீயொலிக் கருவியையும் மாட்டிவிட்டுப் போனார். முக்கால் மணி நேர வேலை. அது குட்டி போடும் பருவம். தாயைக் கொண்டுபோனவர் பஞ்சுக்குள் கூட்டைத் தேடவே இல்லை. இரண்டு நாள் கீச்சொலி கேட்டது. கருவியின் சத்தம் என்றார், மனிதக் காதுக்கே கேட்காத கருவி அது! பிறகு கீச்சொலி நின்றது, நாற்றம் தொடங்கியது. அடுத்த வாரமே இன்னோர் அணில் நுரைப் பசையைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

முதல் அழைப்புக்கு, “இரண்டு வாரத்தில் வாடை போய்விடும்” என்றார். அடுத்ததற்கு, உத்தரவாதம் அவர் அடைத்த ஓட்டைக்கு மட்டும்தான், இது பக்கத்து ஓட்டை என்றார். அதன்பின் பதிலே இல்லை. இணையதளத்தாரோ, தாங்கள் ஆளை அறிமுகம் செய்வதோடு சரி, 640 பவுண்டை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நான் இட்ட கண்டனக் குறிப்பு இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

என்ன செய்ய வேண்டுமென்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். காட்டில் விடுவோம் என்பவரை அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த ஓட்டையையும் அடைக்க விடாதீர்கள். அடைத்தால் தடித்த கம்பி வலையால் அடையுங்கள், நுரைப் பசை அணிலுக்குப் பஞ்சுமிட்டாய்.

சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார்கள். அதற்கு எதிராளியின் முகவரி வேண்டும். 640 பவுண்டுக்கு அவர் தந்த ரசீதில் ஒரு கைப்பேசி எண் மட்டும் இருக்கிறது.