பின்சக்கர மோட்டார் கரகரக்கிறதா? ரத்தன் பஜார் பட்டறை ஒன்றைப் பற்றி

மின் சைக்கிளின் பின்சக்கரத்தில் சத்தம் வந்து, "மோட்டாரையே மாத்தணும் சார்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன் சென்னை ரத்தன் பஜாருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சைக்கிள் உதிரிபாகக் கடைகளை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னப் பட்டறை இருக்கிறது. சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாரைத்தான் ஹப் மோட்டார் என்கிறோம். "ஹப் மோட்டார் பிரிக்கிற தம்பி" என்று எந்த ஸ்போக் கடையில் கேட்டாலும் கை காட்டுவார்கள். என் வண்டியை அங்கேதான் பிரித்துச் சரிசெய்தேன். வேலை சுத்தம்.

நான் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு பெரம்பூரில். கியரும் பேரிங்கும் எப்படிச் சத்தம் போடும் என்று காதுக்கு நன்றாகத் தெரியும். வண்டி 250 வாட், பின்சக்கர கியர் ஹப் மோட்டார். 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் தள்ளாது, பதிவும் லைசென்ஸும் வேண்டாத ரகம். வாங்கியபோது லேசான 'விர்ர்' மட்டும்தான். போகப் போக, பெரம்பூர் மேம்பாலம் ஏறும்போதெல்லாம் மிக்ஸியில் காய்ந்த மிளகாய் அரைப்பது போல ஒரு கரகரப்பு. இறக்கத்தில் சத்தமே இல்லை. சர்வீஸ் சென்டரில் முதலில், "ஹப் மோட்டார்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இரண்டாம் முறை போனபோது மோட்டாரோடு முழுச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும் என்று 9,000 ரூபாய்க்கு மேல் கணக்கு சொன்னார்கள். ஒருவரும் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டறைத் தம்பி செய்த முதல் வேலையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பேட்டரியை அணைத்தார், பின்சக்கரத்தைத் தூக்கி, முன்னோக்கிச் சுற்றிவிட்டார். 'டிக் டிக் டிக்' மட்டும். அது ஃப்ரீவீலின் (மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பின் பல்சக்கரத்தின்) சத்தம், அதில் தப்பில்லை. அடுத்து சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினார். கை இறுகியது, உள்ளே கரகரவென்றது. "ஐயா, இது கியர்தான். பேரிங் இல்ல" என்றார். இந்த மோட்டாருக்குள் ஒருவழி கிளட்ச் உண்டு. மோட்டார் தள்ளாமல் முன்னோக்கி உருளும்போது அது கழன்றுகொள்ளும், உள்ளே கியர் நின்றுவிடும். பின்னோக்கிச் சுற்றினால் பிடித்துக்கொண்டு கியர்களையும் மோட்டாரையும் சேர்த்துச் சுற்றும். ஏற்றத்தில் மோட்டார் தள்ளும்போதும் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். மேம்பாலத்தில் மட்டும் சத்தம் வந்ததற்கும் இறக்கத்தில் அடங்கியதற்கும் இதுதான் காரணம். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஸ்பேனர்கூட வேண்டாம்.

பிரிக்கும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தடுக்கவில்லை. 18 ஸ்பேனரில் நட்டைக் கழற்றி, ஃப்ரீவீலை எடுத்து, பக்கமூடியைத் திறந்ததும் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. மூன்று வெள்ளை நைலான் கியர்கள், நடுவில் மோட்டார் அச்சின் எஃகுக் கியர். கிரீஸெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி மெழுகாகக் காய்ந்திருந்தது. ஒரு கியரின் பற்கள் கத்திமுனையாகத் தேய்ந்திருந்தன. 25 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்றுதான் சுற்றும், ஆனால் உள்ளே மோட்டார் அதைப் போல நாலைந்து மடங்கு வேகத்தில் ஓடும். அவ்வளவு வேகத்தையும் குறைத்துத் தருவது இந்த மூன்று நைலான் துண்டுகள்தான். கிரீஸ் இல்லாமல் அவை எத்தனை நாள் தாங்கும்?

கியரைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தைக் கழற்றி, பல்லை எண்ணி, வெர்னியர் வைத்து அளந்தார்: 36 பல், 38 மி.மீ. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். சரியான பேச்சு. புதுக் கியரும் பழைய கியரும் சேர்ந்து ஓடினால் பாரம் சமமாக விழாது. எஃகுக் கியர் போட்டால் நீண்ட நாள் வருமே என்று கேட்டேன், அவர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்றுதான். "போடலாம் ஐயா, ஆனா சத்தம் கூடும். அப்புறம் நடுக் கியர் தேஞ்சா மோட்டாரே போச்சு" என்றார். தேய வேண்டியது மலிவான பாகமாக இருக்கட்டும் என்பதுதான் நான் முப்பது வருஷம் பார்த்த தொழிலிலும் பாடம். லித்தியம் கிரீஸைப் பற்களில் மட்டும் அளவாகத் தடவினார். கிளட்சுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டார், அங்கே கெட்டி கிரீஸ் போனால் உருளைகள் ஒட்டிக்கொண்டு வழுக்கும். மூடும்போது அச்சின் நாக்கு வாஷரைச் சரியான பக்கம் வைத்தார். அதை மாற்றிப் போட்டால் அச்சு திருகி மோட்டார் ஒயரையே அறுத்துவிடும்.

கியர் செட், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். இப்போது மேம்பாலம் ஏறும்போது பின்னால் வரும் ஆட்டோ சத்தம்தான் கேட்கிறது. பழைய 'விர்ர்' இருக்கிறது, அது போகாது, போகவும் வேண்டாம்.

குறை என்றால், நேரம். கியர் கையிருப்பில் இல்லை, வரவழைக்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அதுவரை வண்டி பட்டறையில் மற்ற வண்டிகளோடு நெருக்கியடித்து நின்றது. ஹேண்டில்பாரில் ஒரு கீறல். பில் கேட்டால்தான் தருகிறார், அதுவும் துண்டுச் சீட்டு. வாரன்ட்டி இருக்கும் வண்டியை இங்கே கொண்டுபோகாதீர்கள். மூடியைத் திறந்தால் கம்பெனி கைகழுவிவிட வாய்ப்பு அதிகம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கடையில் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினால் எல்லா மோட்டாரும் அமைதியாகத்தான் இருக்கும். பாரம் இல்லையே. ஏதாவது ஒரு ஏற்றத்தில் உட்கார்ந்து ஓட்டிக் கேளுங்கள். கியர் இல்லாத ஹப் மோட்டாரில் அரைபட ஒன்றுமில்லை என்பதால் சத்தம் மிகக் குறைவு, ஆனால் கனம் அதிகம், பேட்டரி தீர்ந்தால் மிதிக்கக் கால் வலிக்கும். கியர் மோட்டாரிலேயே சாய்பல் கியர் வைத்தவை நேர்பல்லைவிட மென்மையாக ஓடும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டி, அதைச் சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் வகையா என்றும் கேளுங்கள். கிளம்பும்போது வரும் 'ஙீ' என்ற முனகல் பாதி அதிலேயே குறைந்துவிடும். ஓட்டுகிறவர்கள், நின்ற இடத்திலிருந்து த்ராட்டிலை முழுதாகத் திருகாமல் இரண்டு மிதி மிதித்துவிட்டுக் கொடுத்தால் நைலான் பல்லுக்கு நல்லது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். போகும்போது உங்கள் மோட்டாரின் மேல் பொறித்த மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், கியரை முன்கூட்டியே வரவழைத்து வைப்பார். அதன் பிறகு வண்டியை விட்டால் போதும்.