பத்து இலக்கத் திரையும் இருபத்தோரு இலக்க எண்ணும்: ஒரு கால்குலேட்டர் மதிப்புரை

பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கும் பேத்திக்காக, புதுச்சேரி நேரு வீதிக் கடை ஒன்றில், பகாக் காரணிகளைப் பிரித்துத் தரும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். கடைக்காரர் அதன் மூடியையும் சோலார் பட்டையையும் புகழ்ந்துகொண்டிருந்தார். முப்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கோ, பெரிய எண்ணைக் கொடுத்தால் இது என்ன செய்யும் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் 4294967297ஐக் கொடுத்தேன். இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் இந்த எண்ணைப் பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று 1732இல் கணித மேதை ஆய்லர் காட்டினார். திரையில் உடனே 641 × (6700417) என்று வந்தது. அடைப்புக்குறி எதற்கு என்று பேத்தி கேட்டாள். மூன்று இலக்கப் பகா எண்கள் வரையில்தான் இக்கருவி வகுத்துப் பார்க்கிறது. அதன்பின் மிஞ்சியது பகா எண்தானா என்று தன்னால் சொல்ல முடியாதபோது அடைப்புக்குறி இட்டுவிடுகிறது. நேர்மையான ஏற்பாடுதான், ஆனால் விளக்கமோ கையேட்டின் பொடி எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

மிச்சத்தை நாங்களே முடித்தோம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் 1 மீதி வரும் என்பது ஆய்லர் கண்டது. 6700417இன் வர்க்கமூலம் 2588 சொச்சம் என்பதால், மூன்று இலக்கப் பகா எண்களில் பெரியதான 997க்குமேல் அதுவரை சோதிக்க வேண்டிய பகா எண்கள் 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஐந்து மட்டுமே. (நடுவில் 64 × 27 + 1 என்று இராமானுஜனின் 1729 வந்து நின்றது, அது 7 × 13 × 19 என்பதால் மரியாதையோடு விலக்கினோம்.) ஐந்துக்கும் விடை தசமத்தில்தான் வந்தது, ஆகவே 6700417 பகா எண்ணே.

எனக்கு மனக்குறை வேறிடத்தில். இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை மெர்சென் 1644இல் பகா எண் எனப் பட்டியலிட்டார்; அது பகா எண் அன்று என்று லூக்கா 1876இல் நிறுவினாலும், காரணிகள் கிடைத்தது கோல் என்பவருக்கு, 1903இல்தான். அவர் கண்ட 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கியபோது கருவி 1.475739526×10²⁰ என்றது. "சரியா வந்துடுச்சு தாத்தா" என்றாள். கடைசி 7ஐ 9 ஆக்கிப் பெருக்கச் சொன்னேன். அப்போதும் அதே விடைதான், ஓர் இலக்கம்கூட மாறவில்லை. தனக்குத் தெரியாததைக் காரணிப் பகுதியில் அடைப்புக்குறியிட்டு ஒப்புக்கொள்ளும் கருவி, இங்கே பதினொரு இலக்கங்களை வாய் திறக்காமல் விழுங்கிவிடுகிறது.

பொறியியல் பாடங்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். விசைகள் அழுத்த இதமாக இருக்கின்றன, மூடி மட்டும் சற்றுத் தளர்வு. கோல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கரும்பலகையில் செய்ததைப் போலவே, அன்றிரவு பேத்தி நோட்டில் கையால் பெருக்கினாள். 147573952589676412927 என்று முழுதாக வந்து சேர ஒரு பக்கம் பிடித்தது.