யாழ்ப்பாணத்தில் பீனிசத்துக்குச் சனல் பண்ணிய கதை

ஆடி மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்குச் சோளகக் காற்றும் புழுதியும் தெரியும். தும்மலும் தண்ணீராய் மூக்கு ஓடுவதும் பெரும்பாலும் ஒவ்வாமைதான். சாதாரணத் தடிமன் என்றால் ஒரு கிழமை, பத்து நாளில் தானாக மாறிவிடும். எனக்கு வந்தது வேறு. வலப்பக்கக் கன்னத்தில் மட்டும் பாரம், குனிந்தால் இடி, அந்த ஒரு துவாரத்தால் மட்டும் மஞ்சள் சளி, கூடவே ஒரு கெட்ட நாற்றம். "பீனிசம் (சைனஸ்)தான், நொச்சி இலை போட்டு ஆவி பிடி" என்றார் மாமி. பிடித்தேன். கொஞ்ச நேரத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம் பக்கத்துப் பார்மசி. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு கேட்கவேயில்லை. சின்னக் கடதாசி உறையில் பெயரில்லாத குளிசைகளைப் போட்டு, "மூன்று நேரம்" என்று பேனையால் எழுதித் தந்தார்கள். என்ன மருந்து என்றால், "அன்டிபயோட்டிக் அண்ணை, நல்லது." அதை நான் தொடவில்லை. கூடவே சைலோமெட்டசோலின் மூக்குத்துளியும் தந்தார்கள். அதைத் தொடர்ந்து ஒரு கிழமைக்கு மேல் விட்டால் மூக்கு பழகிப்போய், நிறுத்தியதும் முன்னையைவிட மோசமாக அடைக்கும். இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், சொல்லவில்லை.

போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைக் கிளினிக் இலவசம். ஆனால் வெளிநாட்டுக் காசோடு வந்துவிட்டு ஊர்ச்சனத்தின் வரிசையை நீட்ட மனம் வரவில்லை. தனியாரில் சனல் பண்ணினேன், அதாவது காசு கட்டி நிபுணரைப் பார்க்க நம்பர் எடுத்தேன். பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் நிபுணர்களே பின்னேரம் இங்கே வருகிறார்கள். கையில் தரும் நம்பருக்கும் உள்ளே கூப்பிடும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கதவும் பாதி திறந்தபடிதான்; அடுத்த நோயாளி வாசலில் நின்று என் மூக்கு நாற்றத்தைப் பற்றி முழுவதும் கேட்டார்.

ஆனால் டொக்டர் கெட்டிக்காரர். கமரா வைத்த மெல்லிய குழாயால் மூக்குக்குள் பார்த்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கம்பியின் பின்பக்கத்தால் மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைவாய்ப் பல் ஒன்றில் தட்டியதும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் அடித்தளம் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குச் சரியாக மேலே இருக்கிறதாம். வேரில் சீழ் பிடித்தால் அது மேலே ஏறும். அந்த அறையின் வாசலோ உயரத்தில் இருப்பதால் சளி லேசில் வடியாது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு வந்தால் பல்லையும் பார்க்க வேண்டும். பல்லை விட்டுவிட்டுக் குளிசை குடித்தால் திரும்பத் திரும்ப வரும் என்றார். ஒரு பக்கத்தால் இரத்தம் கலந்து வந்தால் கட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார், கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும். தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டார் என்று மாமிக்கு இன்னும் கோபம்.

பல் வைத்தியர் எடுத்த எக்ஸ்ரேயில், எப்போதோ அடைத்த பல்லின் வேர்நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். வேர்ச் சிகிச்சை அங்கேயே தொடங்கியது. நான் இருக்கும் கனடாவில் என்றால் குடும்ப வைத்தியர் கடிதம் எழுதி, நிபுணரின் திகதி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்திருப்பேன். இங்கே குறை கடதாசியில்தான்: கேட்காவிட்டால் அறிக்கை தரமாட்டார்கள். எக்ஸ்ரேயையும், மருந்துகளின் பெயரை விளங்கும் எழுத்திலும், வெளியே வருமுன் கேட்டு வாங்குங்கள்.