வாதக் கட்டுரைக்கு ஏற்றது எது: மணிமேகலையின் ஐந்துறுப்பா, டூல்மினின் ஆறுறுப்பா?

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் எழுதும் வாதக் கட்டுரைகளில் கருத்துக்குப் பஞ்சமில்லை. சொன்ன காரணம் எப்படி முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்பதுதான் பெரும்பாலும் எழுதப்படாமல் விடுபடுகிறது. பட்டிமன்ற மேடையில் கைத்தட்டல் அந்த இடைவெளியை மறைத்துவிடும். தாளில் அதற்கு வழியில்லை. இக்குறையைச் சரிசெய்ய இரண்டு சட்டகங்கள் நமக்குக் கிடைக்கின்றன. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விளக்கும் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்ற ஐந்துறுப்பு ஒன்று. பிரிட்டிஷ் மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த ஆறுறுப்பு மற்றொன்று.

வகுப்பறையில் செல்பேசி கூடாது என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஐந்துறுப்பில் அது பக்கம். கவனம் சிதறுவது ஏது. கவனம் சிதறக் கூடாத இடங்களில் செல்பேசிக்குத் தடை உண்டு, தேர்வுக்கூடம் போல என்பது திட்டாந்தம். வகுப்பறையும் அத்தகையது என்பது உபநயம். ஆகவே கூடாது என்பது நிகமனம். உபநயத்தை எழுதும்போதே, வகுப்பறை உண்மையிலேயே தேர்வுக்கூடம் போன்றதா என்ற ஐயம் எழுதுபவருக்கு வந்துவிடுகிறது. ஒத்த எடுத்துக்காட்டான சாதன்மியத்தோடு மாறுபட்ட எடுத்துக்காட்டான வைதன்மியத்தையும் அக்காதை பேசுவதும், காரணம்போல் தோன்றும் பிழைகளான ஏதுப்போலிகளை மட்டுமே 14 எனப் பிரித்துக் காட்டுவதும், உவமையை வைத்தே வாதத்தை முடித்துவிடும் நம் பழக்கத்துக்கு நல்ல கடிவாளம். ஆனால் மலையில் புகை கண்டு நெருப்பை உணர்வது போன்ற உறுதியான முடிவுகளுக்கே இச்சட்டகம் இயல்பாகப் பொருந்துகிறது. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு இதில் தனி இடமில்லை.

டூல்மின் அந்த இடத்தைத் தருகிறார். நீதிமன்ற வழக்காடலை மனத்தில் கொண்டு அமைத்த அவருடைய சட்டகத்தில், கூற்றையும் சான்றையும் ஓர் இணைப்பு விதி பிணைக்கிறது. அந்த விதிக்கு ஆதாரம், முடிவின் உறுதியை அளவிடும் வரையறைச் சொல், முடிவு பொருந்தாத சூழலைக் குறிக்கும் விலக்கு ஆகியவை அதனுடன் சேர்கின்றன. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் செல்பேசிச் செயலி பாடத்தை வாசித்துக் காட்டக் கேட்டே படிக்கிறார் என்றால், முழுத் தடை என்ற கூற்று நிற்காது. விலக்கை எழுத முனையும் மாணவருக்கு அவர் நினைவுக்கு வருவார். ஐந்துறுப்பில் எழுதுபவருக்கு வர வேண்டிய கட்டாயமில்லை.

எனினும் எதிர்த்தரப்பை முறையாக எடுத்துரைக்கும் பயிற்சி டூல்மினிடம் போதிய அளவு இல்லை என்பது என் கருத்து. அதற்குச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற மதங்களை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியே சிறந்த பாடம்: 14 மதங்களின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிய பின்னரே அருணந்தி சிவாசாரியார் அவற்றை மறுக்கிறார். நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளாக நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களுள் ஒன்றான ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’, அதாவது பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர் நீக்குவது என்பதும் இதற்கு நெருங்கிய நெறியே.

அறிவியல் விளக்கத்துக்கும் தருக்கப் பிழைகளைக் கண்டறியும் பயிற்சிக்கும் ஐந்துறுப்பு போதும். தடை, இட ஒதுக்கீடு, மதுவிலக்கு போன்ற கொள்கை வினாக்களுக்கு டூல்மினையே நான் பரிந்துரைப்பேன். தேர்வில் ஒரு பக்க விடைக்குள் ஆறும் அடங்காதபோது ஆதாரத்தைச் சுருக்கலாம். இணைப்பு விதியையும் விலக்கையும் விடக் கூடாது.