வாளையாறுக்கு இருபுறமும் ஒரே இசை: சொந்த லேபிளா, பிறர் லேபிளா?

தமிழக-கேரள எல்லையான வாளையாறுக்கு இப்புறம் கோயம்புத்தூரில் ஒருவரும் அப்புறம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில் ஒருவருமாக இரண்டு மின்னணு இசைத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து நான்கு டிராக்குகளை முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாகத் தங்கள் பெயரிலேயே ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றலாம். பெயர் பெற்ற சுயாதீன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒன்றிடம் ஒப்படைக்கலாம். இருவரும் கூட்டாக ஒரு லேபிளைத் தொடங்கலாம்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செலவு குறைவு, வேலை விரைவில் முடியும். ஆனால் 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி உண்டு என்பதால், புதியவர்களுக்கு இது கடை விரிப்பதோடு நின்றுவிடுகிறது.

பெயர் பெற்ற லேபிளின் பலம், அது வெளியிட்டது என்பதற்காகவே முன்பின் அறியாத ஒருவரின் இசையையும் கேட்க முன்வரும் ரசிகர் கூட்டம். 1989இல் ஷெஃபீல்டில் தொடங்கிய வார்ப், கோட்நைன் என்ற டிஜே 2004இல் தொடங்கிய ஹைப்பர்டப் ஆகியவை அத்தகைய நம்பிக்கையைப் பல ஆண்டுகளில் சேர்த்தவை. 1990இல் நின்ஜா ட்யூன் லேபிளைத் தொடங்கிய கோல்ட்கட், சேர்ந்து இசையமைத்த இருவர் குழுதான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. இன்றைய பெரிய சுயாதீன லேபிள்கள் பலவும் நேற்று மூன்றாவது வழியில் புறப்பட்டவையே. இரண்டாவது வழியில் கவனிக்க வேண்டியது உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள். எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டுமே. லேபிள் அனுப்பும் ஒப்பந்தத்தில் இவ்விரண்டும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்காமல் கையெழுத்திடுவது அறியாமை.

என் தேர்வு மூன்றாவது வழி. அதற்குரிய கணக்கு வழக்கு இருந்தால் மட்டும். கலைஞர்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. ஆனால் அங்கே பணம் பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது, பேபாலோ 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஆகவே உள்ளூர் ரசிகரைவிட வெளிநாட்டு ரசிகரையே நம்ப வேண்டியிருக்கும்.

சிக்கல் பணத்தைவிடப் பங்கில்தான் அதிகம். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோயில் விழாவில் பதிவுசெய்த செண்டை மேளத்தை 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புகிறார். கோவைக்காரர் அதைத் துண்டு துண்டாக வெட்டி, 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 தாள அடி) வேகத்துக்கு இழுத்து, அடியில் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியைச் சேர்த்து, பிறகு மாற்றிக்கொள்ள வசதியாக ரிவெர்ப் என்ற எதிரொலி விளைவு இல்லாத ஸ்டெம்களாக, அதாவது தனித்தனி ஒலித்தடங்களாக, திருப்பி அனுப்புகிறார். இந்த ஒலிப்பதிவு யாருடையது? அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரையே சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. இருவருமே எடுத்திருந்தால், அதை எழுத்தில் வைக்காதவரை வாக்குவாதம்தான். செண்டை வாசித்த கலைஞர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு என்பதால் அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் அந்தக் கோப்போடு இருக்க வேண்டும். (கொங்குப் படையை வென்றதைக் கொங்கன்படை விழாவாக ஆண்டுதோறும் கொண்டாடும் ஊர்ப்பக்கத்துக்காரர், ஒரு கொங்கு நாட்டுக்காரரோடு பங்கு பிரிக்க உட்காருவது வேடிக்கைதான்.)

மேடையிலும் இதே கேள்வி சிறிய அளவில் எழுகிறது. இருவரும் தனித்தனியாக வாசிப்பதா, மாறி மாறி டிராக் போடும் பேக்-டு-பேக்கா? திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டின் விதி வாளையாறுக்கு இருபுறமும் பொது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியில் மற்ற டிஜேக்களுக்கும் நேரம் கொடுத்த பிறகு, தனித்தனியாக வாசித்தால் ஒருவர் சூடுபிடிக்கும் நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும். சேர்ந்து வாசித்தால் அந்த நேரம் முழுவதும் இருவருக்கும் கிடைக்கும். ஒரு டிராக்குக்கு ஒருமுறை மாறுவதைவிட, மூன்று டிராக்குகளுக்கு ஒருமுறை மாறினால் போக்கு அறுபடாது.

இந்த நான்கு டிராக்குகளோடு கூட்டு முடிந்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் லேபிள் தொடங்குவது வீண் வேலை. அப்போது காலத்தையும் எல்லையையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறர் லேபிளிடம் கொடுத்துவிடலாம்.