பிபிஎஃப்பும் அந்த ஐந்தாம் தேதியும்

பதினைந்து வருஷம் பிபிஎஃப் என்கிற ஒரே திட்டத்தில், அதாவது அரசாங்கத்தின் பொது வருங்கால வைப்பு நிதியில், பணம் போட்டவனிடம் அது எப்படி என்று கேட்டால் வட்டி விகிதத்தில் ஆரம்பிப்பான் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு முதலில் வாயில் வருவது ஐந்தாம் தேதிதான்.

அக்கா பையன் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகிறது. "மாமா, பிபிஎஃப் எல்லாம் பழைய காலத்து ஆளுங்களுக்குத்தானே? எல்லாரும் எஸ்ஐபி போடச் சொல்றாங்க" என்று கேட்டான். எஸ்ஐபி என்றால் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது. ஃபோனில் சொல்ல ஆரம்பித்தது முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். 1968இல் வந்த திட்டம், வருஷத்துக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம், வட்டிக்கு வரி கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குள் போகவில்லை.

ஐந்தாம் தேதி விவகாரம் இதுதான். ஐந்தாம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாதத்து வட்டி. ஐந்துக்குள் போட்டுவிட்டால் அந்த மாதமும் கணக்கில் சேரும். ஆறாம் தேதி போட்டால், மாதக் கடைசி வரை அந்தப் பணம் அரசாங்கத்துக்குச் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கும். காசோலை கொடுத்தால் இன்னும் விசேஷம். கொடுத்த தேதி செல்லாது, பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. நாலாம் தேதி கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

நான் அதிக காலம் வேலை பார்த்த நிறுவனத்தில் சம்பளம் ஏழாம் தேதி. அதில் அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. 1936ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டமே, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்றது. பெரிய இடங்களுக்குப் பத்தாம் தேதி வரை அவகாசம் இருந்தது. ஒரு சட்டம் ஏழாம் தேதி வரை சம்பளத்தைத் தள்ளிப்போடலாம் என்கிறது, இன்னொரு விதி ஐந்தாம் தேதிக்குள் சேமித்துவிடு என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை போலிருக்கிறது.

சம்பளம் வந்த கையோடு முதலில் சேமிப்பு, மிச்சத்தில் செலவு என்றுதான் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்கிறார்கள். ஏழாம் தேதி சம்பளக்காரன் அதைச் செய்தால் பிபிஎஃப் அவனுக்கு எதுவும் தராது. ஏழாம் தேதி போட்டாலும் ஒன்றுதான், அடுத்த மாதம் நாலாம் தேதி போட்டாலும் ஒன்றுதான். அப்படியானால் கணக்குத் தெரிந்தவன் என்ன செய்வான்? பணத்தை நாலு வாரம் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருந்து, அங்கே கிடைக்கிற வட்டியையும் வாங்கிக்கொண்டு அப்புறம் போடுவான். சேமிப்புக் கணக்கில் நாலு வாரம் சும்மா கிடக்கிற பணம் முழுசாக இருக்குமா என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டும்.

சேமிப்புக் கணக்குக்கும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு விதி இருந்தது. பத்தாம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ரிசர்வ் வங்கி 2010 ஏப்ரலில் அதை மாற்றி, தினசரி இருப்புக்கு வட்டி கொடுக்கச் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் வந்த பிறகு தினமும் கணக்குப் பார்ப்பது பெரிய காரியமில்லை என்று எல்லா வங்கிகளுக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. பிபிஎஃப் மட்டும் பேரேட்டில் மைப்பேனாவால் எழுதிய காலத்திலேயே நிற்கிறது. 2019 டிசம்பரில் புதிய விதிகள் என்று முழுசாகத் திருத்தி வெளியிட்டார்கள். படிவங்களின் எண்ணெல்லாம் மாறியது. ஐந்தாம் தேதியை யாரும் தொடவில்லை.

இந்தக் கோபத்துக்கு விலை எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் 12,500 ரூபாய், 7.1 சதவீத வட்டி. ஐந்துக்குள் போடுகிறவனுக்கும் ஏழாம் தேதி போடுகிறவனுக்கும் அந்த வருஷத்துப் பணத்தில் வித்தியாசம் 888 ரூபாய். பதினைந்து வருஷம் வட்டிக்கு வட்டியோடு பார்த்தால் சுமார் 22,500 வரும். மொத்தத் தொகைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் ஐந்துக்குள் ஒன்றரை லட்சத்தையும் ஒரே தடவையில் போட முடிந்தவருக்கு அந்த வருஷத்துப் பணத்துக்கு மட்டும் 10,650 வட்டி. மாதாமாதம் ஐந்துக்குள் போடுகிற ஒழுங்கான ஆளுக்கு 5,769. ஆக மாதச் சம்பளக்காரன் எவ்வளவு ஓடினாலும் ஏப்ரலில் மொத்தமாகக் கையில் வைத்திருப்பவனை எட்ட முடியாது. அது எல்லா முதலீட்டிலும் உள்ளதுதான், தெரியும். இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

சரி, நல்லதையும் சொல்கிறேன்.

என் கணக்கு 2008 ஜூனில் ஆரம்பித்தது. அப்போது வட்டி 8 சதவீதம், உச்சவரம்பு 70,000. உச்சவரம்பைத் தொடுகிற சம்பளமெல்லாம் எனக்கு இல்லை, முடிந்ததைப் போட்டேன். வருஷா வருஷம் மார்ச் 31 தேதியிட்டு வட்டி ஒரே வரியாக பாஸ்புக்கில் ஏறும். ஆரம்ப வருஷங்களில் அந்த வரியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இதற்காகவா இவ்வளவு என்று தோன்றும். பிறகு ஒரு வருஷம், பிரிண்டர் போன தடவை அடித்த வரி மேலேயே பாதி அடித்துத் தந்திருந்த பக்கத்தில், நான் அந்த வருஷம் போட்டதை விட வட்டி அதிகமாக இருந்தது. எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்ததால் தப்பாகப் படிக்கிறேனோ என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடமே காட்டிக் கேட்டேன். சரிதான் என்றார். முதல் வருஷத்திலிருந்தே ஒன்றரை லட்சம் போடுகிறவருக்கு 7.1 சதவீதத்தில் இது பதினோராவது வருஷம் நடக்கும். அதுவரை இழுத்துக்கொண்டு போவது நாம், அதற்குப் பிறகு வட்டி இழுக்கும்.

சீக்கிரம் ஆரம்பி என்று எல்லோரும் சொல்வதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அந்தப் பக்கத்தில்தான். இதே ஒன்றரை லட்சத்தை ஒவ்வொரு ஏப்ரலும் போட்டால் பதினைந்து வருஷத்தில் 40.68 லட்சம். இருபத்தைந்து வருஷத்தில் 1.03 கோடி. முப்பத்தைந்து வருஷத்தில் சுமார் 2.27 கோடி. முப்பத்தைந்து வயதில் தொடங்காமல் இருபத்தைந்தில் தொடங்குகிறவன் அறுபது வயதுக்குள் கூடுதலாகப் போடுவது 15 லட்சம், கூடுதலாகக் கிடைப்பது ஒன்றேகால் கோடிக்குக் கிட்டத்தட்ட. வட்டி அதுவரை 7.1லேயே நிற்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, அது வேறு. என் காலத்திலேயே 8.8க்கு ஏறியும் பார்த்திருக்கிறேன், 7.6க்கு இறங்கி மறுபடி 8க்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் 7.1 ஆனது, அப்புறம் வருஷக்கணக்கில் அசையவே இல்லை. நடுவில் ஒரே ஒரு இரவு மட்டும் அசைந்தது. 2021 மார்ச் 31 அன்று 6.4 ஆகக் குறைத்து உத்தரவு வந்தது. மறுநாள் காலையில், தவறுதலாக வெளியான உத்தரவு, வாபஸ் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் எழுதினார். அதுவும் ஏப்ரல் ஒன்றாம் தேதி. நான் முதலில் நம்பவில்லை.

அப்புறம் பணத்தை எடுக்க முடியாத சமாச்சாரம். இதைக் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னவன்தான். 2020இல் சம்பளத்தில் வெட்டு விழுந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கணக்கு. போய்க் கேட்டால், நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்த இருப்பில் பாதி, அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை என்றார்கள். திட்டிக்கொண்டே வெளியே வந்து, இரண்டு சின்ன வைப்புகளை உடைத்துச் சமாளித்தேன். உடைத்த வைப்புகள் திரும்பி வரவே இல்லை. மண் உண்டியல் மாதிரி, போட வழி வைத்து எடுக்க வழி வைக்காமல் செய்திருக்கிறார்கள். ஓய்வுக்காலம் என்கிற பெயரில் சேர்க்கிற பணத்துக்கு அதுதான் பெரிய காவல். கடன்காரன் நீதிமன்றம் போய் ஆணை வாங்கினாலும் இதை ஜப்தி செய்ய முடியாது. எனக்கே கைக்கு எட்டாதது அவனுக்கும் எட்டவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

ஆனால் இதை மட்டும் நம்பி ஓய்வுபெற்றால் கஷ்டம்தான். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இருபத்தைந்து வருஷம் கழித்து வரும் அந்த 1.03 கோடிக்கு இன்றைய மதிப்பு 24 லட்சம் சொச்சம். அக்கா பையன் எஸ்ஐபி போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளத்தில் பிஎஃப் பிடித்தம் இருக்கிறவர்கள் விபிஎஃப்பையும், அதாவது பிடித்தத்துக்கு மேல் நாமாகவே கூடுதலாகப் போடுவதையும், பார்க்கலாம். 2023-24க்கு அங்கே 8.25 கொடுத்தார்கள். தொழிலாளியின் பங்கு வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பணத்தின் வட்டிக்கு வரி உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு பிபிஎஃப்பில் போடும் பணத்துக்கு வரிக் கழிவு கிடையாது என்பதையும் யாராவது சொல்லித் தொலைக்க வேண்டும். வட்டிக்கு வரி இல்லை என்பது மட்டும் இரண்டு முறையிலும் மாறவில்லை.

முதிர்வுக் கதை ஒன்று இருக்கிறது. 2008 ஜூனில் ஆரம்பித்தது 2023 ஜூனில் முடியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியாது. ஆரம்பித்த நிதியாண்டு முடிந்த பிறகுதான் பதினைந்தை எண்ணத் தொடங்குவார்கள். எனக்கு முதிர்ந்தது 2024 ஏப்ரல் ஒன்று. அதனால் தொடங்குகிறவர்கள் மார்ச்சில் தொடங்கினால் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மிச்சம். இந்தத் தந்திரத்தை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

முதிர்ந்ததும் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். பணம் போட்டுக்கொண்டே நீட்டிக்க வேண்டுமென்றால் முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் 4 எழுதிக் கொடுக்க வேண்டும். கிளையில் போய்க் கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேண்டாம் சார், அதுவே எக்ஸ்டெண்ட் ஆயிடும்" என்றார்கள். பாதி உண்மை. தானாக நீள்வது பணம் போடாத நீட்டிப்பு. படிவம் கொடுக்காமல் அதில் பணம் போட்டுக்கொண்டே போனால், போட்ட பணத்துக்கு வட்டியே கிடையாது. இதை எடுத்துச் சொன்னதும் உள்ளே போய்த் தேடி, பழைய ஹெச் படிவத்தின் மங்கிப்போன ஜெராக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விதி மாறியதே அந்த அலமாரிக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படிவம் 4ஐ நானே பிரிண்ட் எடுத்து, இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன். நீட்டிக்கப் போகிறவர்கள் அந்த முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அடுத்த முடிவு 2029 ஏப்ரலில். கணக்குப்படி பார்த்தால் பணம் போட்டுத்தான் நீட்டிக்க வேண்டும். வரியில்லாத வட்டியை இவ்வளவு பத்திரமாகத் தருகிற இடம் வேறு அதிகம் இல்லை. மேலே எழுதியதை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அதுதான் வரும். ஆனால் இன்றைக்குக் கேட்டால் போட மாட்டேன் என்றுதான் சொல்வேன். பணம் போடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் பணம் போடும் நீட்டிப்புக்குத் திரும்ப முடியாது, தெரியும். பரவாயில்லை. இருக்கிற பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டியதை எடுத்துக்கொள்வேன். மாதம் பிறந்தால் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமையா, ஐந்தாம் தேதி விடுமுறையா என்று காலண்டரைப் புரட்டுகிற வேலை இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மகளை மட்டும் போன மார்ச்சில் ஒரு கணக்குத் தொடங்க வைத்துவிட்டேன். அவளுக்குச் சம்பளம் முப்பதாம் தேதியே வந்துவிடுகிறது.