5,650 பவுண்டுக்கு ஒரு தேய்ந்த துப்பாக்கிக் குழல்

5,650 பவுண்ட். தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மூன்று நாளாக வேறு எதுவும் தலைக்குள் ஓடவில்லை.

இங்கிலாந்தில் நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதலில் இறங்க நினைக்கும் நம்மவர்கள் சிலர், பழைய துப்பாக்கியைப் பார்த்து வாங்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். விரிவாக எழுதுவதாக நானும் ஒத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய மனிதத் தோரணைக்கு இப்போது எனக்கு அருகதை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன், வழக்குப் போட வேண்டி வரலாம். தெற்கு இங்கிலாந்தில் ஒரு பண்ணையின் பின்புறக் கொட்டகையில் நடக்கும், கைமாறிய துப்பாக்கிகள் விற்கும் கடை. பக்கத்திலேயே சிறு பட்டறையும் உண்டு.

இந்த நாட்டில் துப்பாக்கி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது போன்றதல்ல. உரிமச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் காவல்துறை வீட்டுக்கு வந்து, சுவரில் போல்ட் அடித்துப் பொருத்திய இரும்பு அலமாரியைப் பார்க்கும். மருத்துவர் நம் உடல்நலம் பற்றி எழுதித் தர வேண்டும். எத்தனை துப்பாக்கி, எந்த அளவு, எத்தனை தோட்டா என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறும். கூடுதலாக ஒரு துப்பாக்கி வேண்டுமென்றால் சான்றிதழைத் திருத்தக் காத்திருக்க வேண்டும். இத்தனை காவல் இருக்கிற துறையில் ஏமாற்று இருக்காது என்று நம்பினேன். சட்டம் காப்பது பொதுமக்களின் உயிரை, என் பணப்பையை அல்ல என்பது எனக்கு உறைக்கவில்லை.

நான் கண் வைத்து விழுந்த துப்பாக்கி அக்குரசி இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ஏடி-எக்ஸ், 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா அளவுக்கானது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர், 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சியோல் என்று அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற சுடுவீரர். அப்படிப்பட்டவர் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்த பொருளை ஒருநாள் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனேன். கடைக்காரர் எழுபதை நெருங்குபவர். தேநீர் கொடுத்தார், தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தார். பிஸ்லி என்ற பெயர்பெற்ற சுடுமைதானத்தில் தான் சுட்ட காலத்துக் கதைகளைச் சொன்னார். பிறகு குழலின் உட்புறத்தைத் திரையில் காட்டும் சிறு கேமராவான போர்ஸ்கோப்பை உள்ளே விட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். தோட்டா உட்காரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் புரிகள் தொடங்கும் இடம், அதாவது தொண்டை, கூர் மழுங்காமல் பளபளத்தது. "நானூறு தோட்டாகூடத் தாண்டவில்லை, முந்தைய உடைமைக்காரருக்கு முதுகுவலி, விற்றுவிட்டார்" என்றார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் இரவெல்லாம் நினைத்துப் புரண்டுகொண்டிருக்கிறேன். ஓர் அறுகோணச் சாவியை எடுத்து, ஒரே ஒரு திருகைத் தளர்த்தி, குழலைக் கையோடு சுழற்றிக் கழற்றி என் மடியில் வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி பூட்டினார். "இதுதான் இந்தத் துப்பாக்கியின் அழகு" என்றார். நான் கை தட்டாத குறை. என்னை எப்படி ஏமாற்றப் போகிறார் என்பதை என் கண் முன்னாலேயே ஒத்திகை பார்த்துக் காட்டியிருக்கிறார், நான் தேநீரை உறிஞ்சியபடி பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் திருத்தம் வரும்வரை முன்பணம் மட்டும் தருகிறேன் என்றேன். "வேல்ஸிலிருந்து ஒருவர் காலையில்தான் கேட்டார். முழுப் பணம் தந்தால் உங்கள் பெயரில் எடுத்து வைத்துவிடுவேன்" என்றார். கிரெடிட் கார்டை நீட்டினேன். இயந்திரம் இன்று வேலை செய்யவில்லையாம். அங்கேயே நின்று கைபேசியில் வங்கிப் பரிமாற்றம் செய்தேன். 5,650 பவுண்ட். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

திருத்தம் வர ஒன்பது வாரம். ஏப்ரலில் போய் வாங்கினேன். துப்பாக்கியைத் தபாலில் அனுப்ப முடியாது, நேரில்தான் கைமாற வேண்டும். சான்றிதழில் துப்பாக்கியின் எண்ணை எழுதினார், நானும் சரிபார்த்தேன், ஒத்துப்போனது. அது துப்பாக்கியின் உடலில் பொறித்த எண், குழலுக்கு உரியதல்ல. குழலைப் போர்ஸ்கோப்பில் மறுபடி காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஏற்கெனவே பார்த்ததுதானே! ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பொருத்தும் மவுண்ட் வர மூன்று வாரம் ஆனது, கிளப்பின் சுடும் நாள் அதற்கும் பிறகு. முதல் தோட்டா வெடித்தது வாங்கிய முப்பத்தேழாவது நாள். இந்த முப்பத்தேழைக் கவனத்தில் வையுங்கள்.

பிஸ்லியின் செஞ்சுரி மைதானம், 300 கஜம். காற்று அநேகமாக இல்லை. நல்ல குழலாக இருந்தால் ஐந்து தோட்டாவும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கியிருக்கும். எனக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. என் மூச்சுதான் சரியில்லை என்று நினைத்தேன். திருகுகளை முறுக்கிப் பார்த்தேன். தோட்டாவை மாற்றினேன், ஒவ்வொன்றும் இரண்டு பவுண்டுக்கு மேல். பக்கத்துத் தடத்தில் இருந்த நண்பர், பத்து வருடமாகச் சுடுபவர், வாங்கிச் சுட்டார். அவருக்கும் தட்டுதான். வேகமானி வைத்தார். வினாடிக்கு 2,700 அடியில் கிளம்ப வேண்டிய குண்டு 2,600-ஐத் தொடவே திணறியது. அதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

அன்று மாலை அவர் வீட்டில் போர்ஸ்கோப்பை விட்டோம். கோடையில் வீராணம் ஏரியின் படுகையைப் பார்த்திருக்கிறீர்களா? நீர் வற்றி, சேறு காய்ந்து, கட்டம் கட்டமாகப் பாளம் வெடித்து? அதுதான் திரையில் தெரிந்தது. புரிகள் தொடங்க வேண்டிய இடத்தில் புரியே இல்லை, சாம்பல் நிறப் பாளம்தான். 6.5 கிரீட்மூர் குழல் போட்டித் துல்லியத்தோடு 2,000, 2,500 தோட்டா வரை தாங்கும் என்பது மைதானத்துக் கணக்கு. ஒவ்வொரு வெடிப்பின் வெப்பமும் தொண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இந்தக் குழல் அந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டது. பிப்ரவரியில் நான் பார்த்த குழல் இதுவல்ல. காத்திருந்த ஒன்பது வாரத்தில் எப்போதோ அந்த அறுகோணச் சாவி வேலை செய்திருக்கிறது.

ஆதாரம்? விளம்பரப் படத்தில் குழலின் சோதனை முத்திரைக்குப் பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு தடம் இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. கையில் இருக்கும் குழலில் அது இல்லை. விளம்பரமோ இணையத்தில் இல்லை, நான் சேமித்தும் வைக்கவில்லை. இந்தக் குழலிலும் முத்திரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளின் முத்திரைக்குப் பொருள், சோதித்தபோது அந்தக் குழல் அழுத்தத்தைத் தாங்கியது என்பதுதான். எத்தனை தோட்டா சுட்டது என்று அது சொல்லாது.

கடையை அழைத்தேன். முதல் நாள், "ஸ்கோப் மவுண்டைப் பாருங்கள்." இரண்டாம் முறை, "தோட்டா ஒத்துக்கொள்ளவில்லை போலும்." மூன்றாம் முறை எடுத்த பெண், அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். மாலை நான்கு மணிக்கு என்ன சாப்பாடு? நான்காம் முறை, பட்டறைக்காரர் வியாழக்கிழமைதான் வருவார். வியாழக்கிழமை அழைத்தால் அடுத்த வியாழன். படங்களை மின்னஞ்சலில் அனுப்பியதற்கு ஒரு பதில் வந்தது: "ஒரு மாதத்துக்கும் மேல் உங்களிடம் இருந்த துப்பாக்கி. நீங்கள் எத்தனை சுட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது." அதற்குக் கீழேயே, புதுக் குழல் வேண்டுமானால் 1,100 பவுண்டுக்குத் தாங்களே போட்டுத் தருவதாக ஒரு வரி. திருடியவனே பூட்டு விற்க வந்த கதை.

என் மனைவி அதிகம் பேசவில்லை. "எங்கள் அம்மா அடுப்புக்கு ஊதுகுழல் வாங்கினால்கூட ஊதிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்" என்றாள், அவ்வளவுதான். 5,650 பவுண்ட் போனதைவிட அந்த வரிதான் இப்போது அதிகம் குடைகிறது.

சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் நான் ஒவ்வொரு வாசலையும் நானே சாத்திக்கொண்டு வந்திருக்கிறேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். நான் முதல் தோட்டா சுட்டது முப்பத்தேழாவது நாள். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்தையே பிடித்திருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கு அது பொருந்தும். வங்கிப் பரிமாற்றத்துக்குப் பொருந்தாது. அந்த இயந்திரம் ஏன் அன்று வேலை செய்யவில்லை என்பது இப்போது புரிகிறது. மிச்சம் இருப்பது ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்ற விதியும், 10,000 பவுண்ட் வரை விசாரிக்கும் சிறு வழக்கு நீதிமன்றமும். அங்கேயும் எதிர்த்தரப்பு "பழைய பொருள், தேய்மானம் இயல்பு" என்றுதான் தொடங்கும்.

விரிவான ஆலோசனை எழுத மனம் இல்லை. அவசரமாகச் சில. குழல் எளிதில் கழலும் துப்பாக்கி என்றால் பார்க்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் போர்ஸ்கோப் விடச் சொல்லுங்கள், இரண்டையும் கைபேசியில் படம் எடுங்கள். விளம்பரத்தைத் தேதியோடு சேமியுங்கள். கார்டு வேலை செய்யவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், வேல்ஸ்காரர் வாங்கிக்கொண்டு போகட்டும். சுட்ட தோட்டா எண்ணிக்கையை ரசீதில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. வாங்கிய பத்து நாளுக்குள் சுட்டுவிடுங்கள், மவுண்ட் இல்லையென்றால் கடன் வாங்கியாவது.

ஸ்கோப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது வேறொரு நாள். இன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்குப் பட்டறைக்காரர் வருவாராம், அழைக்க வேண்டும்.